தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழருக்கு: வேறுபட்ட மனிதர்களோடு பழகத் தொடங்குவது எப்படி?

வேலை விசாவில் ஜோகன்னஸ்பர்க்குக்கோ டர்பனுக்கோ வந்து இறங்கும் தமிழருக்கு வீடு பார்ப்பது, கார் எடுப்பது, இருட்டிய பிறகு எந்தத் தெருப் பக்கம் போகக் கூடாது என்பதெல்லாம் முதல் வாரமே யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் ஜூலுப் பெண்ணிடம், ஆண் துணையோடு வாழும் மேலதிகாரியிடம், பேர் கோவெண்டர் என்று தமிழ்ப் பெயராக இருந்தும் தமிழில் நாலு வார்த்தை தெரியாத எதிர்வீட்டுக்காரரிடம் எப்படிப் பழகுவது என்று யாரும் சொல்வதில்லை. சாதி, நிறம், ஆண் பெண் பற்றி ஊரில் கேட்டு வளர்ந்தவை நம்மோடு விமானம் ஏறி வந்துவிடுகின்றன. கெட்ட எண்ணமே இல்லாதவர்களும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே எங்கே தவறுகிறது, அங்கே என்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறோம். தன்பாலீர்ப்பை, அதாவது ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் நேசிப்பதைப் பற்றிக் கூடுதலாகவே பேசியிருக்கிறோம். தமிழ் வீடுகளில் அதிகம் காயப்படுத்துவதும் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான்.

முதலில் சட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1996-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவைத் தேடி ஒருமுறை படித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இனம், பால், மதம், பண்பாடு, மொழி, பிறப்பு என்று பட்டியலிட்டு, இவற்றின் பேரில் யாரையும் அநியாயமாகப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. பாலீர்ப்பும் அதே வாக்கியத்துக்குள் இருக்கிறது. உலகில் அரசியல் சட்டத்திலேயே இதை முதலில் எழுதிவைத்த நாடு தென்னாப்பிரிக்காதான்.

இந்தப் பிரிவு நம்மைக் காத்த கதை ஒன்று உண்டு. டர்பனில் ஒரு தமிழ் மாணவி 2004-இல் விடுமுறை முடிந்து மூக்குத்தியோடு பள்ளிக்குத் திரும்பினாள். பள்ளி விதிப்படி கழற்றச் சொன்னார்கள். குடும்ப வழக்கம் என்று தாய் விடாமல் நின்றார். சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது, உயர் நீதிமன்றம் அதை மாற்றியது, கடைசியில் 2007-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் மாணவியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மதம் கட்டாயப்படுத்தாத, விருப்பப்பட்டுச் செய்யும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. நம் மூக்குத்திக்குக் கிடைத்த பாதுகாப்பும் பக்கத்து வீட்டு ஆண் தம்பதிக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பிடுங்க முடியாது.

கல்யாண விஷயத்திலும் அப்படியே. 1913-இல் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். தாலி கட்டி வாழ்ந்த நம் பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றானார்கள். அதை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் தில்லையாடி வள்ளியம்மை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. ‘உங்கள் கல்யாணம் கல்யாணமே இல்லை’ என்று அரசு சொன்னால் எப்படி இருக்கும் என்பதை இந்த மண்ணின் தமிழர் குடும்பங்கள் அனுபவித்திருக்கின்றன.

தன்பாலீர்ப்பைப் பொறுத்தவரை நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள் சில: ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டம் 1998-இல் செல்லாது என்றானது. வெளிநாட்டுத் துணைக்குக் குடியேற்ற உரிமை 1999-இல் வந்தது. இருவரும் சேர்ந்து குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமை 2002-இல். திருமணச் சட்டம் 2006 நவம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. உலகில் ஐந்தாவது நாடு, ஆப்பிரிக்காவில் முதல் நாடு. ‘என் மனசாட்சிக்கு ஒப்பவில்லை’ என்று பதிவு செய்ய மறுக்க அரசு அதிகாரிகளுக்கு இருந்த விலக்கும் 2020-இல் நீக்கப்பட்டுவிட்டது.

நாக்கைப் பழக்குங்கள்

இதைத் தள்ளிப்போடாமல் இன்றைக்கே தொடங்கிவிடலாம். ‘காப்பிரி’, ‘காப்பிலி’ என்ற சொற்கள் இலங்கைத் தமிழிலும் பழைய தமிழகப் பேச்சிலும் உண்டு. கெட்ட நினைப்பில்லாமல் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே அதே ஒலியுள்ள சொல் கறுப்பின மக்கள் மீது வீசப்பட்ட வசைகளிலேயே மிகக் கொடியது. அந்தச் சொல்லால் காவலர்களைத் திரும்பத் திரும்பத் திட்டிய ஒரு பெண்ணுக்கு 2018-இல் மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதில் ஓராண்டு மட்டுமே நிறுத்திவைக்கப்பட்டது. வீட்டுக்குள், தமிழில், தொலைபேசியில்கூட அந்தச் சொல் வேண்டாம். குழந்தை கேட்டால் பள்ளியில் போய்ச் சொல்லும்.

‘கறுப்பன்’, ‘அதுங்க’, ‘இவனுங்க’ என்பவையும் போக வேண்டியவைதான். லிஃப்டில் தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று நம்ப வேண்டாம். டர்பனில் பல மூத்தவர்களுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். புரியாதவர்களுக்கும் முகமும் தொனியும் புரியும்.

‘ஒன்பது’, ‘அலி’, ‘பொட்டை’ போன்றவற்றைச் சினிமா நகைச்சுவையாக ஆக்கி நம் வாயில் போட்டுவிட்டது. சிரிப்புக்காகச் சொன்னாலும் வசைதான். தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி என்று மரியாதையான சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதை அடுத்துத் தமிழக அரசே 2022-இல் இப்படி ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சந்தேகம் வந்தால் எளிய வழி ஒன்று உண்டு: அவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்களோ அப்படியே சொல்லுங்கள்.

விட்ட சொற்களின் இடத்தில் வைக்க நாலு ஜூலுச் சொற்கள் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவரைப் பார்த்தால் ‘சௌபோனா’, பலரைப் பார்த்தால் ‘சனிபோனானி’, நன்றிக்கு ‘ங்கியபோங்கா’. வயதான பெண்மணியை ‘கோகோ’, நடுவயதுப் பெண்ணை ‘மாமா’, ஆண்களில் பெரியவரை ‘பாபா’ என்று அழைக்கலாம். முறை வைத்துக் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இது சுலபமாக வரும். கடைக்குப் போனால் பொருளைக் கேட்பதற்கு முன் வணக்கம் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வருவது இங்கே மரியாதைக் குறைவு.

கேட்கக் கூடாத கேள்விகள்

கோவெண்டர், மூட்லி, நாயுடு, பிள்ளை, படையாச்சி, செட்டி. டர்பன் பெயர்ப் பலகைகளில் இவை கண்ணில் பட்டதும் நம் ஊர்க்காரர் மனசு கணக்குப் போடத் தொடங்கிவிடும். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் வந்த நாள் முதல், கப்பலிலும் கரும்புத் தோட்டக் குடியிருப்பிலும் எல்லாச் சாதியாரும் ஒன்றாகவே தங்கி, ஒன்றாகவே உண்டு, கலந்து மணந்தார்கள். பட்டங்கள் வெறும் குடும்பப் பெயர்களாகிவிட்டன. ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்குக் கேள்வியே புரியாமல் போகலாம். புரிந்தால் உறவு அங்கேயே முடியும்.

‘தமிழர்னு சொல்றீங்க, தமிழ் தெரியாதா?’ என்பது இன்னொன்று. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்து, நிறவெறிச் சட்டத்தால் வீட்டை விட்டு விரட்டப்பட்டு சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் இடம் மாற்றப்பட்டு, ஆங்கிலம் இல்லாமல் வேலை இல்லை என்ற நிலையில் மொழியை இழந்தவர்களிடம் கேட்கும் கேள்வியா இது? காவடியையும் தீமிதியையும் ஆடிக் கூழையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள். கூழ் ஊற்றும் நாளில் போய் வரிசையில் நின்று பாத்திரம் கழுவிக் கொடுங்கள். பேச்சு தானாக வரும்.

மூன்றாவது, ‘கல்யாணம் ஆச்சா? ஏன் இன்னும் ஆகல?’ இந்தக் கேள்வி தன்பாலீர்ப்பு உள்ள ஒருவரை இரண்டே வழியில் நிறுத்துகிறது: பொய் சொல்ல வேண்டும், அல்லது தயாராக இல்லாத நேரத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். பதிலாக, ‘வாரக் கடைசி எப்படிப் போச்சு?’ என்று கேளுங்கள். எவ்வளவு சொல்வது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

ஒரு திங்கட்கிழமை, தேநீர் அறையில்

உடன் வேலை பார்க்கும் ஆண் ஒருவர், ‘நானும் என் கணவரும் டிராக்கன்ஸ்பர்க் போயிருந்தோம்’ என்கிறார். அடுத்த மூன்று நொடியில் உங்கள் முகத்தில் என்ன ஓடுகிறது என்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஆண்டுக்கணக்காக எத்தனையோ பேரின் முகத்தை இப்படிப் பார்த்துப் பழகியவர் அவர். அந்த நொடியில் செய்ய வேண்டியது, ‘என் மனைவியோடு போயிருந்தேன்’ என்று ஒருவர் சொன்னால் நீங்கள் எதைக் கேட்பீர்களோ அதையே கேட்பது. ‘அப்படியா, மலை ஏறினீங்களா? குளிர் எப்படி? அவர் பேர் என்ன?’ இவ்வளவு போதும்.

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இவை. ‘எனக்கு இதுல ஒண்ணும் ஆட்சேபணை இல்ல’ என்பது நல்லெண்ணத்தில் வருகிறது. ஆனால் அனுமதி கொடுக்கும் இடத்தில் உங்களை உட்கார்த்திவிடுகிறது. ‘எனக்கும் இப்படி ஒரு ஃபிரெண்ட் உண்டு’ என்பது அவரை ஒரு மாதிரிப்பொருளாக்கிவிடுகிறது. ‘உங்கள்ல யார் புருஷன், யார் பொண்டாட்டி?’ என்பது படுக்கையறைக் கேள்வி; எந்தத் தம்பதியிடமும் கேட்க மாட்டோம். ‘அப்பா அம்மாவுக்குத் தெரியுமா?’ என்பது முதல் நாள் கேள்வி இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, கேட்டதை இன்னொருவரிடம் சொல்வது. ‘நல்ல மனுஷன்தான், ஆனா தெரியுமா உனக்கு...’ என்று தொடங்கவே கூடாது. இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, தெரு வேறு. தேசியப் பெண்கள் கால்பந்து அணியில் ஆடிய யூடி சிமெலானே, தான் பெண்களை நேசிப்பவள் என்று மறைக்காமல் வாழ்ந்தவர். 2008-இல் க்வாதெமாவில் கொல்லப்பட்டார். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ் 2025 பிப்ரவரியில் கெபெர்ஹா அருகே காரில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட முடிவு அது.

உள்ளே தேங்கியிருக்கும் சந்தேகங்கள்

வாயை அடக்குவது ஒரு வாரத்தில் வந்துவிடும். மனசில் இருப்பதற்கு நேர்மையான பதில் வேண்டும்.

இது நோயா? இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்ற முடியுமா? நிறவெறி ஆட்சியின் ராணுவம் மின்னதிர்ச்சி கொடுத்தும் மாற்றப் பார்த்தது. பாலீர்ப்பு மாறவில்லை, மனிதர்கள்தான் நொறுங்கினார்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட ‘சிகிச்சை’களைத் தடுக்க உத்தரவிட்டது, மறு ஆண்டு இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் மருத்துவராக இருந்தாலும் சாமியாராக இருந்தாலும் ஏமாற்றுகிறார்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா? இங்கே அடிக்கடி காதில் விழுவது இது. 1990 அக்டோபர் 13 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் தன்பாலீர்ப்பாளர்களின் முதல் பெருமித ஊர்வலத்தை நடத்தியவர்களில் முக்கியமானவர் சைமன் என்கோலி. கறுப்பினத்தவர். நிறவெறியை எதிர்த்ததற்காக டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தவர். அந்தச் சிறையில்தான் தன் தோழர்களிடம் தான் யார் என்று சொன்னார். நம் பக்கம் பார்த்தால், தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டத்தை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவந்ததுதான் வெள்ளைக்கார அரசு. இந்தியா 2018-இல் அதைக் களைந்தது. இலங்கையில் அது இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

பழகாமல் வெறுப்பு போகாது, ஆனால் எப்படிப் பழகுவது?

வேறுபட்டவர்களோடு கலந்து பழகினால் வெறுப்பு குறையும் என்று எல்லாரும் சொல்வார்கள். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே இதற்கு நிபந்தனைகள் சொன்னார்: இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், பெரியவர்களோ நிறுவனமோ அதை ஆதரிக்க வேண்டும். பிற்பாடு 500-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பழகுவதால் வெறுப்பு குறைகிறது என்பதும் இந்த நிபந்தனைகள் இருந்தால் இன்னும் குறைகிறது என்பதும் தெரிந்தது.

வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியை இருபது ஆண்டு பார்த்தும் மனசு மாறாத குடும்பங்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான். அங்கே சமநிலை இல்லை. ஆகவே வீட்டிலிருந்தே தொடங்குங்கள். அவருக்கென்று தனித் தட்டு, தனிக் கோப்பை வைப்பதை நிறுத்துங்கள். அவருடைய உண்மையான பெயரைக் கேட்டு, சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். நமக்கு வசதியாக ‘மேரி’ என்று வைக்க வேண்டாம். குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது; ஆண்டுதோறும் மார்ச்சில் திருத்துவார்கள், பார்த்துக் கொடுங்கள். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் வேலையிழப்புக் காப்பீட்டில் பதிவு செய்வது உங்கள் கடமை. மரியாதை சம்பளத்திலும் தெரிய வேண்டும்.

சமமாகச் சேரும் இடத்துக்கு எளிதான வழி சனிக்கிழமை காலையில் நடக்கும் பார்க்ரன் என்ற பொது ஓட்டம். ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தாலும் சரி. டர்பனில் நார்த் பீச்சில் போய்ப் பாருங்கள். ஓடுவதை விட, தன்னார்வலராக நின்று நேரம் குறிப்பது, வழி காட்டுவது இன்னும் நல்லது. நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். ஒரு தடவை போய்ப் படம் எடுத்துப் போட்டுவிட்டு நின்றுவிடுவது பயன் தராது. அதே முகங்களைத் தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் பார்த்தால்தான் ‘அவர்கள்’ என்பது போய்ப் பெயர்கள் நினைவில் நிற்கும்.

வீட்டில் பிள்ளையே சொன்னால்

இங்கே வளரும் பிள்ளைகள் பள்ளியில் இதைச் சாதாரணமாகப் பேசுகிறார்கள். ஒருநாள் உங்கள் மகனோ மகளோ வந்து சொல்லலாம். அந்த முதல் பத்து நிமிடத்துக்கு இப்போதே தயாராகுங்கள். அப்போது யோசிக்க நேரம் இருக்காது.

சொல்ல வேண்டியது சின்னது: ‘எங்ககிட்ட சொன்னதுக்கு சந்தோஷம்மா. நீ எங்க பிள்ளை, அதுல எந்த மாத்தமும் இல்ல.’ பிறகு பேசாமல் கேளுங்கள். உங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தால், ‘எனக்கு இது புதுசு, கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், ஆனா உன் பக்கம்தான் இருக்கேன்’ என்று சொல்லலாம். அழுகை வந்தால் வரட்டும். பிள்ளை உங்களைத் தேற்றும் நிலைக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள்.

‘யார் உன்னைக் கெடுத்தது?’, ‘எங்க வளர்ப்புல என்ன குறை?’, ‘வயசுக் கோளாறு, சரியாயிடும்’, ‘தாத்தாவுக்குத் தெரிஞ்சா உயிரை விட்டுடுவார்’ என்ற நாலும் தமிழ் வீடுகளில் முதலில் வருபவை. நாலையும் விழுங்கிவிடுங்கள். அடுத்து வருவது செயல்: ஊருக்குக் கூட்டிப்போய்ப் பெண் பார்ப்பது, பரிகாரம், ஜாதகம், தொலைபேசியைப் பிடுங்குவது. அவசரக் கல்யாணம் இரண்டு வாழ்க்கையைக் கெடுக்கும். எதிர்ப்பக்கம் இருப்பதும் யாரோ பெற்ற பெண்தான். குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு சொல்கூட எழுத வேண்டாம். யாருக்குத் தெரியலாம், யாருக்கு இப்போது வேண்டாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். பாட்டி வீட்டுக்குப் போகும் பயணத்துக்கு முன்னும் இதைப் பேசிவையுங்கள், இலங்கை என்றால் கட்டாயமாக.

பேச ஆள் வேண்டுமென்றால் டர்பனில் லெஸ்பியன் அண்ட் கே சமூக சுகாதார மையமும், கேப் டவுனில் டிரையாங்கிள் ப்ராஜெக்ட்டும், பிரிட்டோரியாவில் அவுட் அமைப்பும் இருக்கின்றன. பெற்றோர்களும் அங்கே போய்ப் பேசலாம்.

விசேஷத்துக்கு அழைக்கும்போது

பத்திரிகை உறையில் இருவர் பெயரையும் எழுதுங்கள். ‘குடும்பத்தோடு வாங்க’ என்று மொட்டையாகச் சொன்னால் துணையைக் கூட்டிவரலாமா என்று அவர்கள் தயங்குவார்கள். ‘நீங்க ரெண்டு பேரும் வரணும்’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மற்றவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது, ‘இவர் என்னோட வேலை பார்க்கிறார், இவர் அவருடைய கணவர்’ என்று ஒரே மூச்சில், குரல் இறங்காமல் சொல்லுங்கள். ‘ரூம்மேட்’ என்று மழுப்பினால், விருந்துக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்தியதாகிவிடும். அதே சமயம், அறிமுகத்தில் எப்படிச் சொல்லட்டும் என்று முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுவிடுவது அவசியம்.

பெரியவர் யாராவது முகம் சுளித்தால் அங்கேயே விவாதம் வேண்டாம். ‘பெரியம்மா, நம்ம வீட்டு விருந்தாளிங்க’ என்ற ஒரு சொல் போதும். விருந்தாளியைப் பழிப்பதை எந்தப் பெரியம்மாவும் தொடர மாட்டார். மறுநாள் தனியாகப் பேசுங்கள். கேலி மீம் வரும் வாட்ஸப் குழுவில், ‘இது வேணாமே, நம்ம வீட்டுப் பிள்ளைங்களும் படிக்கிறாங்க’ என்று எழுதலாம். பதில் சொல்லாமல் இருந்தால், அந்தக் குழுவில் மௌனமாக இருக்கும் ஏதோ ஒரு பிள்ளை உங்களையும் கேலி செய்தவர்களோடு சேர்த்துவிடும்.

உங்களுக்கோ பிறருக்கோ அநியாயம் நடந்தால்

நடந்த நாள், நேரம், சொன்ன சொற்கள், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் சொற்கள் மாறிவிடும், வழக்கு அங்கேதான் பலவீனமாகிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் சமத்துவ நீதிமன்றங்களாகவும் இயங்குகின்றன. அங்கே எழுத்தரிடம் போய்ப் படிவம் வாங்கிப் புகார் கொடுக்கலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். 2008-இல் தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்திச் செய்தித்தாளில் பத்தி எழுதிய ஜான் க்வெலானே மீது ஆணையம்தான் வழக்கு நடத்தியது. 2021-இல் அது வெறுப்புப் பேச்சு என்று அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வேலையிடத்தில் நடந்தால் வழி வேறு. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். தீராவிட்டால் வேலைத் தகராறுகளைச் சமரசம் பேசித் தீர்க்கும் சிசிஎம்ஏ ஆணையத்துக்குப் போகலாம். பாகுபாட்டுப் புகாருக்கு ஆறு மாதம், அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால் 30 நாள் என்பது கெடு. பலர் ஊரில் பேசி, நண்பர்களிடம் யோசனை கேட்டு, இந்த 30 நாளைத் தவறவிட்டுவிடுகிறார்கள். தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனியாக விண்ணப்பிக்கலாம். அது ஏற்கப்படும் என்ற உறுதி இல்லை. கடிதம் கையில் கிடைத்த அன்றே நாட்காட்டியில் கடைசித் தேதியைக் குறித்துவிடுங்கள்.